துரு எங்கிருந்து வடியும்? மாதிரிப் போர்க்கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் விதம்

நான் முதன்முதலாக முடித்த போர்க்கப்பல் மாடலைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சரக்குக் கப்பலில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாடலைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏன் தம்பி, இது மிதக்குற கப்பலா, முங்கினதைத் தூக்கிட்டு வந்ததா?"

பக்கச் சுவர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துருக் கோடு இழுத்திருந்தேன். அதைத்தான் சொன்னார். "இவ்வளவு துரு ஏற விட்டா எங்க மேஸ்திரி போசன் எங்களைச் சும்மா விட்டிருப்பானா? சுரண்டு, பெயிண்ட் அடி, மறுபடி சுரண்டு. அதுதானே தினசரிப் பொழப்பு." அப்புறம் விரலால் நான்கைந்து இடங்களைத் தொட்டு, "துரு வந்தா இங்க வரும், இங்க வரும்" என்று காட்டினார். நங்கூரத்துக்குக் கீழே, தளத்துத் தண்ணீர் வெளியேறும் துளைகளுக்குக் கீழே, கயிறு உராயும் விளிம்புகளில். அந்த ஐந்து நிமிஷம்தான் எனக்குப் பாடம். அதற்குப் பின் செய்த கப்பலை வைத்தே இங்கே சொல்கிறேன்.

அது 1/350 அளவில் ஒரு ஃபிளெட்சர் வகை நாசகாரிக் கப்பல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக இந்த வகையில் 175 கப்பல்கள் கட்டினார்கள். நிஜ நீளம் 114.8 மீட்டர், மாடலில் 33 செ.மீ. கூட வராது. இந்தக் கணக்கை எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்: 1/350 அளவில் 1 மி.மீ. என்பது 35 செ.மீ. நீங்கள் 1 செ.மீ. நீளத்துக்கு ஒரு துருக் கோடு இழுத்தால், நிஜக் கப்பலில் அது 3.5 மீட்டர், இரண்டு ஆள் உயரம். 1/700 அளவென்றால் இன்னும் மோசம், ஏழு மீட்டர். என் முதல் கப்பல் ஏன் அப்படி இருந்தது என்பது கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

பெயிண்டுக்கு முன்னால் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ் வைத்துக் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப் பசை அவற்றில் ஒட்டியிருக்கும். ஒருமுறை சோம்பலில் இதை விட்டுவிட்டேன். மாஸ்கிங் டேப்பை உரித்தபோது பெயிண்டும் தோல் உரிகிற மாதிரி கூடவே வந்தது. அப்புறம் பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அதாவது சாம்பல் நிற பிரைமர், மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. கைப்பிடிக் கம்பி மாதிரியான பித்தளைப் பாகங்களுக்கு பிரைமர் கட்டாயம். வெறும் பித்தளையில் பெயிண்ட் நிற்காது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கு வருவோம். என் கப்பலுக்கு எடுத்துக்கொண்டது மெஷர் 21 என்ற அமெரிக்கக் கடற்படையின் உருமறைப்பு நிறத் திட்டம். செங்குத்தான பரப்பெல்லாம் நேவி ப்ளூ, கடற்படைக் குறியீட்டில் 5-என். மேலிருந்து பார்த்தால் தெரிகிற கிடைப்பரப்பெல்லாம் டெக் ப்ளூ, 20-பி. வானத்திலிருந்து பார்க்கும் விமானியின் கண்ணுக்குக் கப்பல் கடலோடு கலந்துபோக வேண்டும் என்பது நோக்கம். "சரியான ஷேட் எது" என்று இதில் சண்டை போடுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெயிண்டே வெள்ளை அடிப்படைக் கலவையில் நீலச்சாயப் பசையைக் கலந்து தயாரித்ததுதான். போதாததற்கு வெயிலும் உப்பும் பட்டு வெளுத்துப்போகும். ஒரே நாளில் பெயிண்ட் அடித்த இரண்டு கப்பல்கள் மூன்று மாதம் கழித்து ஒரே நிறத்தில் இருந்திருக்காது.

ஆனால் ஒன்று. புட்டியில் இருக்கிற நிறத்தை அப்படியே அடித்தால் மாடல் கறுத்துத் தெரியும். 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்க்கிறோம். 1/350 அளவில் அது நூறு மீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். நான் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு வெளிர் சாம்பல் கலக்கிறேன். வெள்ளை கலந்தால் நேவி ப்ளூ ஊதாவை எட்டிப்பார்க்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. முனை போதும். பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள், அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. ஒரே மூச்சில் மூடப் பார்க்காமல், பிரைமர் லேசாகத் தெரிய ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. முதலில் தளத்தை அடித்து, அதை மறைத்துவிட்டுப் பக்கச் சுவருக்குப் போவது என் வழக்கம். தளத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளின் பக்கங்களைக் கடைசியில் நுனிப் பிரஷ்ஷால்தான் முடிக்க வேண்டும். இரண்டு மாலை போகும், வேறு வழியில்லை.

நீர்க்கோட்டுக்கு: கப்பலை மட்டமாக நிறுத்துங்கள். ஒரு மரக்கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்துக் கட்டி, அதைச் சுற்றி நகர்த்தினால் கோடு ஒரே உயரத்தில் விழும். கோட்டுக்குக் கீழே சிவப்பு, நீர்க்கோட்டை ஒட்டிக் கறுப்புப் பட்டை. டேப் ஒட்டியதும், டேப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தையே விளிம்பில் லேசாக ஒருமுறை அடித்துவிட்டு அப்புறம் புது நிறத்தை அடியுங்கள். கசிந்தாலும் பழைய நிறம்தான் கசியும். கோடு கத்தியால் வெட்டியது போல வரும்.

இப்போது அழுக்காக்கும் வேலை. முதலில் அக்ரிலிக் பெயிண்டின் மேல் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, ஒரு நாள் காயவிட்டுக் கப்பல் எண்களுக்கான டீக்கால் (ஒட்டும் படத்தாள்), அதன் மேல் இன்னொரு வார்னிஷ். இந்த அடுக்கு இல்லாமல் வாஷை, அதாவது தின்னரில் நிறைய நீர்த்த அழுக்கு நிறப் பெயிண்டை, பூசினால் அடியில் இருப்பதைத் தின்றுவிடும் அபாயம் உண்டு.

வாஷுக்கு ஓவியர்கள் வாங்கும் ஆயில் பெயிண்ட் போதும். அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் அதிலிருக்கும் எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். பிறகு சீக்கிரம் காயும், மினுக்காது. தனிக் கறுப்பு வேண்டாம், கறுப்போடு அம்பர் பழுப்பைக் கலந்து தின்னரில் நீர்த்து, மூலைகளிலும் பெட்டிகளின் அடியிலும் மட்டும் விடுங்கள். அப்புறம் பக்கச் சுவரில் வெள்ளை, நீலம், மஞ்சள் காவி எனக் குண்டூசித் தலை அளவில் அங்கங்கே புள்ளி வைத்து, தின்னரில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுங்கள். புள்ளிகள் காணாமல் போகும். ஒரே நீலமாக இருந்த சுவர் வெயில் பார்த்த சுவராகிவிடும். தளத்தில் இழுக்கும் திசை வேறு: தண்ணீர் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும், பிரஷ்ஷும் அப்படியே போகட்டும்.

துருவுக்குப் பெரியவர் தொட்டுக் காட்டிய இடங்களைத் தவிர வேறெங்கும் போவதில்லை. நங்கூரம் வெளியே வரும் துளையின் கீழ் உதட்டில் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பையும் அம்பரையும் கலந்து ஊசி முனையால் ஒரு புள்ளி. இருபது நிமிஷம் விடுங்கள். பிறகு ஈரம் பட்டும் படாமலும் இருக்கிற பிரஷ்ஷால் கீழே ஒரு இழுப்பு, பிரஷ்ஷைத் துடைத்து இன்னொரு இழுப்பு. "அழிந்தே போச்சோ" என்று தோன்றும்போது நிறுத்திவிடுங்கள். என் கப்பலில் அந்தக் கோடு 4 மி.மீ. தான். தண்ணீர்த் துளைகளில் எல்லாவற்றுக்கும் கோடு போட வேண்டாம். நான் மூன்றில் ஒன்றுக்குப் போட்டேன், அதிலும் பாதி பழுப்பு அழுக்குதான், துருவே இல்லை.

துருவைவிட எனக்குப் பிடித்தது புதுப் பெயிண்ட் திட்டுகள். பலகையில் உட்கார்ந்து, கயிற்றில் தொங்கி, கை எட்டுகிற வரைக்கும் அடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்களாம். கை எட்டுவது ஒன்றரை மீட்டர் என்றால் மாடலில் 4 மி.மீ. சாம்பல் கலக்காத அசல் நேவி ப்ளூவை நிறைய நீர்த்து, ஓரம் சீராக இல்லாத சதுரமாக, முன்பக்கம் இரண்டும் நடுவில் ஒன்றும் வைத்தேன். முதல் பார்வையில் தெரியக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிய வேண்டும்.

புகைபோக்கியின் வாய்க்குக் கரி, பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக. நீர்க்கோட்டுக்கு மேலே உப்புப் படிவுக்காக மிக நீர்த்த வெளிர் சாம்பல், விட்டு விட்டு. ஆயில் பெயிண்ட் காய மூன்று நாளாவது கொடுத்துவிட்டுக் கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். அது காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளிறும், துருவும் சேர்த்து; அவசரப்பட்டு மறுபடி பிரஷ்ஷை எடுக்காதீர்கள், மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். கம்பிவடங்களுக்கான நூலை அதற்கப்புறம் கட்டுங்கள். முன்னாலேயே கட்டினால் வார்னிஷ் துளித்துளியாக நூலில் கோத்து நிற்கும், துணி காயப்போட்ட கொடி மாதிரி.