முட்டையில் ரத்தப் புள்ளி: தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்கள்

கோத்தகிரி பக்கம் தோட்டத்து வீடுகளில் நாட்டுக்கோழி முட்டை வாங்குபவர்களுக்கு இது பழக்கமான விஷயம். உடைத்தால் மஞ்சள் கருவின் மேல் மிளகளவு சிவப்புப் புள்ளி. "குஞ்சு பிடிச்ச முட்டை" என்று பலர் அப்படியே கொட்டிவிடுகிறார்கள். நல்ல முட்டை வீணாகிறதே என்று எனக்கு மனசு கேட்பதில்லை.

கோழியின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு வளரும்போது, அதை மூடியிருக்கும் சவ்வில் மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று வெடித்தால் ஒரு சொட்டு அதில் ஒட்டிக்கொள்ளும். சேவலே இல்லாத பண்ணையின் முட்டையிலும் இது வரும். வெள்ளை ஓட்டைவிடப் பழுப்பு ஓட்டு முட்டையில் அதிகம்.

முதலில், முட்டையை நேராக வாணலியில் உடைக்காமல் சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடையுங்கள். வெளிச்சத்தில் பாருங்கள். ஒற்றைப் புள்ளியா, பழுப்பாகச் சின்னச் சதைத் துணுக்கா? இரண்டும் சரிதான். சிவப்பு நரம்புகள் வலைபோல் மஞ்சள் கருவின் மேல் படர்ந்திருந்தால் மட்டும் அது கோழி சில நாள் அடைகாத்த முட்டை. அதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

அடுத்து வெள்ளைக் கரு. உண்மையில் கவனிக்க வேண்டியது இதைத்தான். லேசாகக் கலங்கலாக இருந்தால் புது முட்டை என்று அர்த்தம். இளஞ்சிவப்பு, பச்சை, கருப்பு என்று நிறம் மாறியிருந்தாலோ நாற்றம் அடித்தாலோ கிருமி புகுந்துவிட்டது. கொட்டிவிட்டுக் கிண்ணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எல்லாம் சரி என்றால், சுத்தமான ஸ்பூன் நுனியால் புள்ளியை எடுத்துவிடலாம். எடுக்காவிட்டாலும் கெடுதல் இல்லை.

அப்புறம், நன்றாக வேக வையுங்கள். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாக வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கலக்கி, ஹாஃப் பாயில் தராமல் இருப்பது நல்லது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் அவித்த முட்டைக்குக் கீழ்நாட்டைவிடச் சில நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

நீங்களே கோழி வளர்த்து, அடிக்கடி புள்ளி வந்தால் தீவனத்தைப் பாருங்கள். வைட்டமின் ஏ குறைந்தாலும், நாயோ கீரியோ துரத்தி மிரண்டாலும் இது கூடும். கீரையும், நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் கேரட்டைத் துருவியும் போடுங்கள். இரவில் கூண்டை நன்றாக அடையுங்கள்.