பூனைக்கு வயதானால்

10 வயது தாண்டிய பூனை ஜன்னல் திட்டுக்குத் தாவுவதை நிறுத்திவிட்டதா? சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் மூட்டுவலிதான். இடையில் ஒரு முக்காலி போடுங்கள். பூனை மலஜலம் கழிக்கும் மண் தட்டில் எளிதாக ஏறி இறங்க, அதன் ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரமாகக் குறைத்து வெட்டிவிடுங்கள்.

நகத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கிழப்பூனை சரியாகப் பிறாண்டாது. நகம் தடித்து, வளைந்து, பாதத்துக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் நுனியை மட்டும் நறுக்குங்கள்.

மாதாமாதம் எடை போடுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இளைத்து, தண்ணீரும் அதிகம் குடித்தால் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரையே உயிரைப் பறிக்கும்.