உடைந்த விட்ரிஃபைட் டைல்ஸை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

சிலிண்டரை உருட்டும்போது மூலை பெயர்ந்துவிடும். தேங்காய் உடைத்த இடத்தில் கீறல் விழும். குழவி நழுவி விழுந்தால் ஒரு சின்னப் பள்ளம். இதற்கெல்லாம் முழுத் தரையையும் பெயர்க்க வேண்டியதில்லை. போர்சிலைன் தரை, அதாவது நம்ம ஊர்க் கடைகளில் விட்ரிஃபைட் என்று வாங்குகிறோமே, அதில் முக்கால்வாசிச் சேதத்தை நாமே சரிசெய்யலாம். ஆனால் பசையை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் தட்டிப் பாருங்கள்

ஐந்து ரூபாய் நாணயத்தால் உடைந்த டைல்ஸையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் தட்டுங்கள். நாலு மூலை, நடு, எல்லாம். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் கலவை பிடித்திருக்கிறது. மேலே பூசி அடைத்தால் போதும். 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் காலி. அதன்மேல் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் யாராவது மிதிக்க மிதிக்க மறுபடி விரியும். அந்த டைல்ஸை மாற்றத்தான் வேண்டும். வெற்றுச் சத்தம் வருகிற இடங்களையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாதிரி மழைத் தண்ணீர் புகுகிற பகுதிகளில் தரைத்தள வீடு என்றால், தரை முழுவதையும் தட்டிப் பார்ப்பது நல்லது. அடியில் மண் இறங்கியிருந்தால் மேலே ஒன்றும் தெரியாது. ஒரே விரிசல் நாலைந்து டைல்ஸைத் தாண்டி நேர்கோடாக ஓடினால், டைல்ஸில் கோளாறு இல்லை, தளமே விரிந்திருக்கிறது. அதற்கு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். டைல்ஸ் ஜோடியாகக் கூடாரம் போல எழும்பி நின்றாலும் அப்படித்தான். பெரும்பாலும் இடைவெளியே விடாமல் நெருக்கிப் போட்டிருப்பார்கள். வெயிலில் விரிவதற்கு இடம் இருக்காது.

சின்னப் பெயர்ப்பும் கீறலும்

தேவையானவை: அரால்டைட் மாதிரி இரண்டு டியூபைக் கலந்து போடுகிற எபாக்ஸி பசை, வெள்ளை சிமென்ட், நிறத்துக்குக் கொஞ்சம் ஆக்ஸைடு பொடி, பிளேடு, மாஸ்கிங் டேப், அசிட்டோன். பாரிமுனை ஹார்ட்வேர் கடைகளில் எல்லாமே கிடைக்கும். அசிட்டோன் இல்லையென்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் போதும், எண்ணெய்ப் பசை இல்லாததாகப் பாருங்கள்.

பள்ளத்தைப் பழைய பல் பிரஷால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். ஈரம் இருந்தால் எபாக்ஸி பிடிக்காது. சுற்றி டேப் ஒட்டுங்கள். எபாக்ஸியை டியூபில் எழுதியிருக்கிற அளவில் கலந்து, பிறகு வெள்ளை சிமென்ட்டும் ஆக்ஸைடும் துளித்துளியாகச் சேர்த்து நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயின்ட்டில் கலக்கிற தண்ணி ஸ்டெய்னர் வேண்டாம், பசை இறுகாது. நிறம் எனக்கு எப்போதும் தலைவலிதான். கொஞ்சம் வெளிர் நிறமாக இருப்பதைவிட, ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது என்பது என் அபிப்பிராயம்.

பள்ளத்தைக் கொஞ்சம் மேடாகவே நிரப்புங்கள். பாதி இறுகி ரப்பர் பதத்துக்கு வந்ததும் பிளேடைப் படுக்கவைத்து மட்டமாகச் சீவுங்கள். மறுநாள் 400, 800, 1500 நம்பர் தண்ணி எமரி பேப்பரால் வரிசையாகத் தேய்க்கலாம். பசைமேல் மட்டும்; பக்கத்து டைல்ஸில் பட்டால் பளபளப்பு போய்விடும். ஜன்னலோர வெயில் படுகிற இடத்தில் எபாக்ஸி நாளாக ஆக மஞ்சளாகும், அதைத் தடுக்க வழியில்லை.

டைல்ஸை மாற்றுவது

லாஃப்ட்டில் மிச்ச டைல்ஸ் இருக்கிறதா பாருங்கள். பெட்டியில் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் இருக்கும். அதே மாடலை இன்று புதிதாக வாங்கினாலும் பேட்ச் மாறினால் நிறம் ஒரு பொட்டு மாறும். கிடைக்கவே இல்லையென்றால் பீரோவுக்கு அடியில் வெற்றுச் சத்தம் தருகிற டைல்ஸ் ஏதும் இருந்தால் அதை முழுசாக எடுத்து இங்கே போட்டு, அங்கே வேறொன்றைப் போடலாம். கெட்டியாகப் பிடித்திருக்கிற டைல்ஸ் முழுசாக வராது, முயற்சியே வேண்டாம்.

பாதுகாப்புக் கண்ணாடியும் தூசி மாஸ்க்கும் கட்டாயம். இந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது; கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. முதலில் சுற்றியுள்ள கிரவுட்டை, அதாவது டைல்ஸ் இடைவெளியை அடைத்திருக்கிற பூச்சைச் சுரண்டி எடுங்கள். இதைச் செய்யாமல் உளியை வைத்தால் அதிர்வு பக்கத்து டைல்ஸுக்குப் போய் அதுவும் உடையும். பிறகு நடுவில் உடைத்து, அங்கிருந்து ஓரத்தை நோக்கிப் பெயர்த்துக்கொண்டு வாருங்கள். பழைய கலவையையும் கொஞ்சம் கொத்தி இறக்குங்கள். புதிய டைல்ஸ், அதன் அடியில் நாலைந்து மில்லிமீட்டர் அட்ஹெசிவ் (ஒட்டுக் கலவை), இரண்டும் சேர்ந்து பக்கத்து மட்டத்துக்கு வர வேண்டும்.

சிமென்ட் பால் ஊற்றி ஒட்டுவது பழைய பழக்கம். போர்சிலைன் தண்ணீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது, அதனால் வெறும் சிமென்ட் அதில் பிடிக்காது. பையில் விட்ரிஃபைடுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிற டைல்ஸ் அட்ஹெசிவை வாங்குங்கள். கலப்பதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் உப்பு அதிகம், பின்னாடி ஓரமெல்லாம் வெள்ளை பூக்கும். மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் பிடித்து வையுங்கள்.

ஓரத்தில் பல் வெட்டிய பூச்சுக் கரண்டியால் தரையில் ஒரு பூச்சு, டைல்ஸின் முதுகில் மெல்லிசாக ஒரு பூச்சு. வைத்து லேசாக அசைத்து அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் பாருங்கள். சுற்றிலும் பழைய இடைவெளி அளவுக்கே ஸ்பேசர் (இடைவெளி காக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு) வையுங்கள். ஒரு நாள் மிதிக்கக் கூடாது.

கிரவுட்

சமையலறை, பாத்ரூம், தண்ணீர் புகும் தரைத்தளம் என்றால் எபாக்ஸி கிரவுட். செலவு அதிகம், ஆனால் கறை ஏறாது. மேலே பட்டதை உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் போகாது. மற்ற அறைகளுக்கு சிமென்ட் கிரவுட் போதும். ஈர ஸ்பாஞ்சைக் குறுக்காக இழுங்கள், கோட்டோடு இழுத்தால் கிரவுட் வெளியே வந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்ததே, அந்தக் கறை டைல்ஸில் இறங்குவதைவிட சிமென்ட் கிரவுட்டில்தான் ஊறியிருக்கும். அங்கே கிரவுட்டை மட்டும் சுரண்டி எடுத்து மாற்றினாலே தரை பாதி தெளிந்துவிடும்.

பளபளப்பு போன தரைக்கு

மொசைக் மாதிரி மெஷின் போட்டு இழைக்கலாமா என்று கேட்பார்கள். உடைந்த துண்டின் ஓரத்தைப் பாருங்கள். மேல்நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் போனால் அது டபுள் சார்ஜ். வைரப் பேடு போட்டு ஓரளவு மெருகேற்றலாம், வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நிறம் மெல்லிய தோலாக மேலே மட்டும் இருந்தால் அது அச்சிட்ட டைல்ஸ். அதை இழைத்தால் டிசைனே போய்விடும், விட்டுவிடுங்கள். பல வீடுகளில் மங்கல் என்று நினைப்பது உப்புத் தண்ணீர்ப் படிவம்தான். வினிகரில் தண்ணீர் கலந்து ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். பாத்ரூம் ஆசிட்டைத் தரையில் ஊற்றாதீர்கள், போட்ட கிரவுட்டை அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டோ வினிகரோ எதையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.