பழைய தங்க வாட்ச்: பாலிஷ் போடும் முன் ஒரு நிமிஷம்

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்கா காபிக் கடையில் தெரிந்த தம்பி ஒருவன் கையை நீட்டினான். "அண்ணா, சோர் பஜார் பழைய சாமான் கடையில எடுத்தேன். பதினெட்டு கேரட். பாலிஷ் போட்டதும் புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க." மினுமினுவென்றுதான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடத்துக்கு முன் நானும் இதே பெருமையோடு இன்னொருவர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றவன்.

போலி, பில் இல்லாத சரக்கு, நம்ப முடியாத விலை என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். பழைய தங்க வாட்ச் வாங்குகிறவர்கள் செய்யும் மற்றத் தவறுகள் இவை.

முலாமைத் தங்கம் என்று நம்புவது

பின்மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். சுவிஸ் 18 கேரட் என்றால் 750 அல்லது 0.750 என்ற எண்ணும் கூடவே முத்திரையும் இருக்கும். பழைய 18 கேரட்டுக்கு ஹெல்வெசியா என்கிற பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில். 1995 முதல் இரண்டுக்குமே செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. "20 மைக்ரான்" என்று பொறித்திருந்தால் அது முலாம்தான்.

மும்பையின் தங்கச் சந்தையான ஜவேரி பஜாரில் கேரட் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டேன் என்பார்கள். அந்தக் கருவியின் எக்ஸ்ரே மேலாகச் சில மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கும். கனத்த முலாம் அதை ஏமாற்றிவிடும். நம்மூர் ஹால்மார்க்கையும் தேட வேண்டாம். 2021-ல் நகைக்கு அதைக் கட்டாயமாக்கியபோதே கைக்கடிகாரத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

மொத்த எடையைத் தங்க விலையால் பெருக்குவது

மெஷினும் கண்ணாடியும் தங்கம் இல்லை.

பாலிஷ்

நான் வாங்கியது 1960-களின் ஒமேகா. வார் கோக்கும் நான்கு கொம்புகளும், லக் என்பார்களே, அவை கத்தி முனைபோல் இருந்தன. மேல்புறம் மெல்லிய கோடுகள், பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரே நேர்க்கோடு. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. பட்டது கீறல்கள் மட்டும். நகைக்குப் பாலிஷ் போடும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பத்தே நிமிஷம்.

எஃகோடு ஒப்பிட்டால் 18 கேரட் மெத்தென்ற உலோகம். பாலிஷ் போடச் சுழலும் பஃப் சக்கரம் முதலில் தின்பது விளிம்புகளைத்தான். திரும்பி வந்த கேஸ், அதாவது வெளிக்கூடு, பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. லக்கின் அடியில் இருந்த முத்திரையைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெஷினைக் கழற்றிக் கேஸை முன்பே எடை போட்டு வைத்திருந்தேன், ஏதோ ஆர்வத்தில். முக்கால் கிராம் குறைந்திருந்தது. அந்தத் தூள் பட்டறைக்காரரின் பெட்டிக்குள். ஜவேரி பஜாரில் சாக்கடை மண்ணையே அரித்துப் பிழைக்கிறார்கள், என் முக்கால் கிராமை யார் விடுவார்?

தங்கம் போனதுகூடப் பரவாயில்லை. விற்கப் போனபோது வாங்க வந்தவர் லென்ஸில் இரண்டு நொடி பார்த்துவிட்டு, "உருக்குற தங்கத்தோட விலைக்குத் தர்றீங்களா?" என்று கேட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிகிறது. லேசர் வெல்டிங்கில் தங்கம் சேர்த்து லக்கைத் திரும்ப வடிக்கலாம். செலவு கண்ணைக் கட்டும். அழிந்த முத்திரை திரும்பாது.

மெஷினை வெளியே எடுத்தபின் வெறும் கேஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு மென்மையான பிரஷால் தேயுங்கள். மங்கல் என்று நினைப்பதில் பாதி, யாரோ ஒருவருடைய நாற்பது வருட வியர்வை. மீதிக் கீறல் இருக்கட்டும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரசீதிலேயே "கேஸ் பாலிஷ் வேண்டாம்" என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள். கேட்காமலே போட்டுக் கொடுப்பதை உபகாரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு.

டயலுக்குப் புதுப் பெயின்ட்

வேண்டாம்.

ஓடுகிறதே என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவது

எண்ணெய் காய்ந்த மெஷினும் ஓடும், தேய்ந்துகொண்டே ஓடும். முழுச் சாவி கொடுத்து, படுக்க வைத்து, டைம்கிராஃபர் என்கிற சோதனைக் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பேலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சு 270 டிகிரிக்கு மேல் வந்தால் நிம்மதி.

பக்கிளை மறப்பது

வார் மாற்றும் கடைகளில் பழைய வாரோடு தங்கப் பக்கிளும் குப்பைக்குப் போகும், அல்லது அப்படிச் சொல்வார்கள். தம்பியின் புது வாரில் இருந்தது எஃகு. பழைய பக்கிள் எங்கே என்று கேட்டேன். ஆறிப்போன காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.