பெரிய மாவுப்பூச்சியை நசுக்குமுன் ஒரு நிமிஷம்

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் மொட்டை மாடியில் முதலில் அடி வாங்குவது செம்பருத்திதான். குருத்து சுருளும், மொட்டு விரியாமலே உதிரும், காம்பு இடுக்கில் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். மாவுப்பூச்சி. அடுத்த வாரம் கத்தரி, அதற்கடுத்து பப்பாளி.

போன வருஷம் வெள்ளையாகக் கண்ணில் பட்டதையெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். அதில் சில நன்றாகக் கொழுத்து, உடம்பெல்லாம் திரிதிரியாக மெழுகு தொங்க, விறுவிறுவென்று ஓடின. ‘இதுதான் தாய்ப்பூச்சி’ என்று தேடித்தேடி நசுக்கினேன். தப்பித்த ஒன்று தொட்டி விளிம்பில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. சில நாளில் அதிலிருந்து கறுப்பு முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக மிளகளவு வண்டு ஒன்று வெளியே வந்தது. பொறிவண்டு! மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்றே வளரும் இனம். காபிச் செடிப் பூச்சிகளை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இரையைப் போலவே வெள்ளை வேஷம் போடுவதால் நம் கையாலேயே சாகிறது.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மாவுப்பூச்சி நீள்வட்டமாக, அரிசி மணியை விடச் சின்னதாக, ஒரே இடத்தில் கும்பலாக அப்பிக் கிடக்கும். பொறிவண்டின் புழு அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிசு, மெழுகுத் திரிகள் நீளமாகக் கோணல்மாணலாக இருக்கும், குச்சியால் தொட்டால் ஓடும். ஓடினால் விட்டுவிடுங்கள்.

இந்த மாதிரி உதவியாளர்களின் அருமை கொங்கு விவசாயிகளுக்குத் தெரியும். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டு, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

அடுத்த தவறு, மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டு எறும்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடுகிறது. அதற்காக எறும்பு அதை மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கும். கிட்டே வரும் குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். செம்பருத்தித் தண்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி அதன்மேல் வாசலின் தடவுங்கள். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளையை வெட்டுங்கள், எறும்புக்கு அது பாலம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவதாக இருந்தால் வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றவேண்டும். இல்லையென்றால் எறும்பு போய்க் கொசு வரும்.

வேப்பெண்ணெய் விஷயத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சறுக்குகிறோம். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசியில் சுத்த எண்ணெய் வந்து இலையைக் கருக்கும். 5 மில்லி எண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை விட்டுப் பால் மாதிரி ஆகும்வரை கலக்கி, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் சேருங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இளந்தளிர் தாங்காது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை உதிர்த்துவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். பொறிவண்டுப் புழு ஓடும் கிளையில் மட்டும் தெளிக்காதீர்கள். மறுநாளே ‘ஒண்ணும் சாகலையே’ என்று அளவைக் கூட்டவும் வேண்டாம். வேம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் வேறு காத்திருக்கும். ஏழு நாள் கழித்து மறுபடி தெளித்தால் போதும். வெட்டிய கிளையைத் தொட்டி ஓரத்தில் போட்டுவைத்தால் குஞ்சுகள் நடந்தே திரும்பி வந்துவிடும். சோப்புத் தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

‘ஒரு ஸ்பூன் குருணை போடுங்க, எல்லாம் போயிடும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பலரும் குருணை என்று சொல்லும் ஃபோரேட் கொடிய நஞ்சு. 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை. வேர் வழியாக இலைக்கு ஏறும். கறிவேப்பிலைத் தொட்டியில் அதைப் போடுவது ரசத்தில் போடுவதற்குச் சமம்.

வீட்டுக்குள்ளே இரண்டு விஷயம். கரப்பான் பூச்சிக்கு ஜெல் வைத்துவிட்டு, பொறுமையில்லாமல் அதே அலமாரியில் ஸ்பிரேயும் அடித்தால் இரண்டும் வீண். ஸ்பிரே நெடி பட்ட இடத்துக்கு அது வராது, ஜெல்லைத் தின்னாது. இன்னொன்று, கைக்குழந்தையின் துணி இருக்கும் பீரோவில் அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிவதேயில்லை. துணியைத் துவைத்து, பங்குனி வெயிலில் நன்றாகக் காயவைத்து மடித்து வையுங்கள்.