திமிர் என்று எழுதும் முன்

செய்தி எழுதவும் மொழிபெயர்க்கவும் புதிதாக வருகிறவர்கள் 'திமிர்' என்ற சொல்லில் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் இடறுகிறார்கள்.

ரகரமா, றகரமா?

அடங்காத்தனம் திமிர். பிடியிலிருந்து உதறிக்கொண்டு விடுபடுவது திமிறுதல். "திமிறு பிடித்தவன்", "திமிரிக்கொண்டு ஓடினான்" இரண்டும் பிழை.

இது யார் வாய்ச் சொல்?

திமிர் என்பது வெறும் மரியாதைக் குறைவு இல்லை. 'அடங்கியிருக்க வேண்டிய நீ அடங்கவில்லை' என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் அது பெரும்பாலும் மேலிருந்து கீழே பாயும்: மாமியார் மருமகளை, ஆசிரியர் மாணவரை, முதலாளி வேலையாளைச் சொல்வது. கீழிருந்து மேலே போகும்போது அநேகமாகத் தனியாகப் போவதில்லை. பணத்திமிர், பதவித்திமிர், சாதித்திமிர் என்று காரணத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

இதை யோசிக்காமல் "மாணவி திமிராகப் பதில் சொன்னார்" என்று செய்தியில் எழுதினால், எழுதியவர் ஆசிரியர் பக்கம் சாய்ந்தாயிற்று. விசாரணையே தொடங்கியிருக்காது. எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் அடுத்த வாரம் இதே வாக்கியம் வேறு பெயரில் வந்து நிற்கும், எரிச்சலாகத்தான் இருக்கிறது. நடந்ததை எழுதினால் போதும்: "எழுந்திருக்காமலே, 'அதை நான் செய்யவில்லை' என்றார்." திமிரா நியாயமா என்று வாசகர் பார்த்துக்கொள்வார். அந்தச் சொல் வேண்டியே ஆகவேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், சொன்னவர் யார் என்பதோடு.

மொழிபெயர்ப்பிலும் இதே கதை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வாங்க" என்கிற எழுத்தரிடம் இருப்பது அலட்சியம். கேட்டதற்குச் சுள்ளென்று விழுந்தால் எடுத்தெறிந்து பேசினார். இரண்டையும் திமிரில் போட்டு மூடினால் ஆளே மாறிவிடுகிறார்.

கொழுப்பு

"கொழுப்புடா உனக்கு" என்பது நண்பர்களுக்குள் பாதி செல்லம். எழுத்தில் அந்தக் குரல் கேட்காது.

செருக்கும் பெருமிதமும்

ஒன்றல்ல. செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவர் வளர்ச்சியே பெருமிதம் உடையது என்கிறது குறள் 431. தொல்காப்பியம் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்றாக வைத்து, கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்ற நான்கிலும் பிறப்பது என்கிறது. பாரதியின் 'புதுமைப் பெண்'ணில் "திமிர்ந்த ஞானச் செருக்கு" வருகிறதே என்றால், அங்கே ஞானம் முட்டுக்கொடுக்கிறது. பாராட்டு மடலில் மொட்டையாகச் "செருக்கோடு நின்றார்" என்று எழுதினால் பாதிப் பேர் திட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

திமிர்வாதம்

திமிராக வாதாடுவது இல்லை. பக்கவாதம். மரத்துப்போவதும் திமிர்தான்.