எனாமல் குறையுள்ள பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

சில பிள்ளைகளுக்குப் பல்லின் மேல் ஓடான எனாமல் உருவாகும்போதே குறையாக உருவாகிவிடும். அவர்களுக்குச் சிகிச்சை தரும், புதிதாகப் பயிற்சிக்கு வந்த பல் மருத்துவர்கள் பக்கத்தில் நின்றால், என் பழைய தப்புகளைத்தான் மறுபடி பார்க்கிறேன். சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

பிள்ளை நடிக்கிறது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். 8 வயதுப் பையன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கடுகளவு பள்ளம், சுற்றிலும் மஞ்சள் திட்டு. ஒரு பக்கமாகவே மெல்கிறான், தண்ணீரைக்கூட வாயைச் சாய்த்துக் குடிக்கிறான், அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோனால் அழுகிறான் என்று அம்மா சொன்னார். நான் அட்டையில் எழுதியது: 'சரியாகப் பல் துலக்குவதில்லை.'

காற்று பட்டதுமே துள்ளினான். ஊசி போட்டேன், உதடு மரத்தது, ட்ரில்லை எடுத்தேன். "வலிக்குது டாக்டர்" என்றான். "உதடு மரத்துப்போச்சுல்ல, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று வேலையைத் தொடர்ந்தேன்.

வலிக்கத்தான் செய்யும். இப்படிக் குறையுள்ள எனாமலில் தாதுச்சத்து முழுதாக ஏறியிருக்காது. நுண்துளைகள் வழியே குளிரும் கிருமியும் இறங்கி, உள்ளே நரம்பு ஓடும் மென்சதையான பல் கூழ் அழற்சியோடு இருக்கும். அழன்றிருக்கும் நரம்பிடம் ஊசி மருந்து அரைகுறையாகத்தான் எடுபடும். உதடு மரத்தாலும் பல் மரத்திருக்காது.

அடுத்த முறை வாசலோடு நின்றுவிட்டான். ஒன்றரை வருடம் கழித்து வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அன்றே ட்ரில்லைத் தொடாமல், பல்லோடு ஒட்டும் கிளாஸ் அயனோமர் என்ற நிரப்புப் பொருளால் மூடி, ஃபுளோரைடு வார்னிஷ் தடவி அனுப்பியிருக்கலாம். கூச்சம் அடங்கியதும் மீதியைப் பார்த்திருக்கலாம். அவசரம் எனக்குத்தான் இருந்தது.

மிட்டாய்மேல் பழி போடுவது

முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமல் பிறப்பையொட்டி உருவாகத் தொடங்கி, 3 வயதுவாக்கில் முடிந்துவிடும். அதைக் கட்டிய செல்கள் பல் முளைத்தபின் இருக்காது, அதனால் எனாமல் மறுபடி வளராது. பல் முளைக்கும்போதே குறை இருக்கிறது. மிட்டாய் பிறகுதான் வருகிறது. பெற்றோரைத் திட்டி அனுப்பாதீர்கள்.

பால் பல்தானே என்று விடுவது

இல்லை. 6 வயதில் பின்னால் முளைப்பது விழாத பல்.

முன்பல் திட்டை வெறும் அழகுப் பிரச்சினை என்பது

ஒரு சிறுமி சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள். "பல்லே விளக்க மாட்டியா?" என்று வகுப்பில் கேட்கிறார்களாம். ஈறு ஓரம் சிவந்து தேய்ந்திருந்தது. எத்தனை தடவை துலக்குகிறாய் என்று கேட்டேன்.

"நாலு தடவை. போகவே மாட்டேங்குது டாக்டர்."